சொல்வன்மைக்கு எட்டு

காரைக்குடிக் கல்லூரியில் பேச்சுப்போட்டி.
நடுவர் மூவரில் நான் ஒருவன், பொருளாதாரத் துறை.
ஏழாவதாக வந்த சேவுகன், பள்ளத்தூர்ப் பையன்,
மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

போரில் செத்த பிள்ளைகளின் வயதைச் சொன்னான்,
ஒவ்வொன்றாக. மூன்று. ஐந்து. பதினொரு மாதம்.
அரங்கு மூச்சடக்கியது. நானும்தான்.
அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம்.

யூதன் என்றாலே வட்டி, என்றான்.
எந்த ஊரிலும் ஒட்டாத இனம், என்றான்.
உலகத்துச் சாவிக்கொத்து அவர்கள் இடுப்பில், என்றான்.
"அன்றைக்கு ஜெர்மனியில் ஒருவன்
தொடங்கியதை முடிக்க விட்டிருந்தால்..."
மீதியைக் கைதட்டல் முடித்தது.

தாளில் மூன்று கட்டம்:
பொருள், உச்சரிப்பு, சொல்வன்மை.
சொல்வன்மைக்கு எட்டு போட்டேன்.
லகர ளகர ழகரம் பிசகவில்லை, அதையும் குறித்தேன்.

மறுநாள் லீயா வந்தாள்.
தானேயிலிருந்து ஒரு பருவம் படிக்க வந்தவள்,
கானாடுகாத்தான் வீடுகளை நாடா பிடித்து அளக்கிறவள்.
பெயரை வைத்துக் கிறிஸ்துவப் பெண் என்றிருந்தோம்.
டிசம்பரில் விடுதியில் அவளுக்கும் கேக் வந்ததாம்.
சாப்பிட்டாளாம்.

"எங்கள் ஆட்கள் கொங்கணக் கரையில்
எண்ணெய் ஆட்டினவர்கள், சார்.
சனிக்கிழமை செக்கு ஓடாது.
ஊர் வைத்த பேர், சனிக்கிழமை வாணியர்.
நானும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும்
போனை அணைத்துவிடுவேன்.
வட்டிக்கு விட எங்களிடம் என்ன இருந்தது, பிண்ணாக்கா?"
சிரித்தாள். பிறகு,
"விட்டிருந்தால் மட்டும்?" என்றாள்.

அந்தப் பிள்ளைகளுக்காக, போன மாதம்,
மெழுகுவர்த்தி வரிசையில் அவளும் நின்றாளாம்.
பின்னாலிருந்து இதே வரி கேட்டதாம்.
மெழுகு விரலில் சொட்டியது, திரும்பவில்லை என்றாள்.

முதல்வரிடம் போனேன்.
"நம்ம காலேஜ்ல யூதர் யாரு இருக்கா?
யாருக்கு வலிக்கப்போகுது? காப்பி ஆறுது பாருங்க."
பெயர் சொல்ல அவள் எனக்கு அனுமதி தரவில்லை.
அவர் ஜன்னலுக்கு நேரே, வேம்படியில்,
நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி என் ஆய்வேட்டைப் பிரித்தேன்.
பர்மாவில் நகரத்தார் லேவாதேவி.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ரங்கூன் பத்திரிகையின் கேலிச்சித்திரம்:
பானை வயிறு, கொக்கி விரல்கள்,
நெல்வயல் முழுக்கப் படர்ந்த ஒரு நிழல்.
அது பொய் என்று நாற்பது பக்கம் எழுதியவன் நான்.
எண்பத்தொன்பது அடிக்குறிப்பு.
என் ஐயா ஒற்றைப் பெட்டியோடு கப்பலேறிய தேதி
அதில் ஒன்று.
எட்டு போட்ட கையும் இதுதான்.

புதன்கிழமை, மூன்றாம் மணி.
படத்தின் நெற்றியில் மட்டும் காகிதம் ஒட்டித்
திரையில் போட்டேன். யார் இது?
கடைசி பெஞ்சிலிருந்து, "யூதன், சார்."
சிரிப்பு. சேவுகனும் சிரித்தான்.
காகிதத்தை உரித்தேன்.

மூன்று பட்டை விபூதி.

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.
சேவுகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்,
வேர்வையாக இருக்கலாம்.
மணி அடித்த பிறகு மேசையருகே வந்தான்.
"வரைஞ்சது யாரு சார்?"
நல்லா வரையத் தெரிஞ்சவன், என்றேன்.
எட்டு போடலாம்.
ஒன்றும் சொல்லாமல் போனான். கோபமோ என்னவோ.

மதிப்பெண்ணைத் திருத்த மனு கொடுத்தேன்.
விதியில் இடமில்லை என்று திரும்பி வந்தது.
அந்த எட்டு கோப்பில் இருக்கிறது,
என் மையில், என் கையெழுத்துக்கு மேலே.

வெள்ளிக்கிழமை, இதையெல்லாம் சொல்ல
லீயாவை அழைத்தேன். போன் அணைந்திருந்தது.
வெளியே பார்த்தேன், பொழுது சாய்ந்திருந்தது.
நாளை இருட்டும்வரை காத்திருக்க வேண்டும்.
அது ஏனென்று அறிந்தவர்
இந்த ஊரில் இப்போது இரண்டு பேர்.